ஸ்பேனர் வாங்கப் போகும்போது பையில் ஒரு புது போல்ட் இருக்கட்டும்

"எந்த பிராண்ட் டூல்ஸ் வாங்கலாம்?" என்று கேட்பவரிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக்கின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பேனர் ஒரு கம்பெனி, சாக்கெட் வேறு கம்பெனி, கட்டிங் பிளேயர் இன்னொன்று என்றுதான் இருக்கும். எந்தக் கருவியில் பணம் போட வேண்டும், எதில் சிக்கனம் செய்யலாம் என்பதை வேலைதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். புதிதாக வீட்டில் பைக், கார் வேலை செய்யத் தொடங்குபவர்கள் அதே பாடத்தை நாலைந்து போல்ட் தலையை மழுக்கிக் கற்க வேண்டியதில்லை.

என் கணக்கு இதுதான். போல்ட்டையோ ஸ்க்ரூவையோ மிகக் குறைந்த பரப்பில் பிடிக்கிற கருவிக்குத்தான் முதல் பணம். ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவரின் நுனி, ஆலன் கீயின் முனை, 8, 10, 12 எண் (போல்ட் தலையின் அகலம், மில்லிமீட்டரில்) சாக்கெட்டுகள் இந்த வகை. இவை கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போல்ட் பாழ். சுத்தியல், வீல் ஸ்பேனர், 22க்கு மேற்பட்ட பெரிய ஸ்பேனர் எல்லாம் சுமாரானதாக இருந்தாலும் வேலை நடக்கும்.

ஸ்பேனரிலிருந்து தொடங்குவோம். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் தபாரியா என்ற பெயருக்கு இருக்கும் மரியாதை விளம்பரத்தால் வந்ததல்ல. நாசிக்கில் தயாராகும் இந்த ஸ்பேனர்கள் ஃபோர்ஜிங் நன்றாக இருக்கும், அளவு பிசகாது, வாய் சீக்கிரம் விரியாது. 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்ற எட்டு டபுள் எண்ட் ஸ்பேனர் செட்டும், அதே வரிசையில் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டும் இருந்தால் இந்தியாவில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் வெளிவேலை முடியும். எவரெஸ்ட், ஜலானி ஸ்பேனர்களையும் பழைய ஆட்கள் விரும்பி வைத்திருப்பார்கள். பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா பட்டறைகளில் அடிக்கப்படும் பல ஸ்பேனர்கள் வெளிநாட்டுக் கடைகளில் வேறு பெயரோடு விற்பனையாகின்றன. ஆகவே ‘இந்தியச் சரக்கு’ என்று சொல்லி ஒதுக்குவதில் அர்த்தமில்லை. தரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அவ்வளவுதான்.

கடையில் நின்றபடியே ஸ்பேனரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எம்6, எம்8, எம்10 அளவில் (எண் மரையின் விட்டம், மில்லிமீட்டரில்) துருப்பிடிக்காத புது போல்ட்டுகள் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரைத் தலையில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். சுலபமாக உட்கார்வதற்காக மிகச் சிறிய இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஆனால் திரும்பத் தொடங்குமுன் கண்ணுக்குத் தெரியும்படி தடுமாறினால் அது வேண்டாம். போல்ட் தலையின் முனைகளை மட்டும் பிடிக்கும் ஸ்பேனர், தட்டையான பக்கத்தைப் பிடிப்பதில்லை. மழுங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

அளவு விஷயத்தில் எல்லோரையும் குழப்புவது ஒன்றிருக்கிறது. போல்ட்டின் மரை அளவு ஒன்றாக இருந்தாலும் தலையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். எம்8 போல்ட்டுக்கு ஜப்பானிய வழக்கில் 12 ஸ்பேனர், ஐரோப்பிய வழக்கில் 13. எம்10 என்றால் ஜப்பானில் 14, ஐரோப்பாவில் 16 அல்லது பழைய ஜெர்மன் வழக்கில் 17. எம்12 ஜப்பானில் 17, ஐரோப்பாவில் 18 அல்லது 19. அதனால்தான் மாருதி, ஹோண்டா, டொயோட்டா வேலைக்கு 10, 12, 14, 17, 19 போதும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வந்தால் 13, 16, 18 தேட வேண்டியிருக்கும், டார்க்ஸ் (ஆறு இதழ் வடிவ) முனைகளும் 12 பல் முனைகளும் தனியாக வேண்டும். கேடிஎம் பைக்கிலும் 13 தலைகளும் டார்க்ஸும் வரும். பெரிய செட் வாங்கும் முன் உங்கள் வண்டியில் எந்தத் தலைகள் இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டால், வாழ்நாளில் தொடாத 11, 15 எண்களுக்குப் பணம் போகாது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) தலைகள் இருக்கும். கால் அங்குல விட்வொர்த் தலை சுமார் 13.3 மில்லிமீட்டர், 5/16 சுமார் 15.2, 3/8 சுமார் 18. கடைசி ஒன்றுக்கு மட்டும் 18 ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். 5/16க்கு 16 ஸ்பேனரை மாட்டி உதைத்தால் தலை உருண்டையாகிவிடும். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று தேடி வாங்குவதுதான் வழி. பழைய சரக்குச் சந்தையில் அது இன்னும் கிடைக்கிறது.

அடுத்தது ஸ்க்ரூ ட்ரைவர். வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் நஷ்டப்படுவது இதில்தான், ஏனென்றால் ஸ்டார் என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைக்கிறோம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும். அதன் பள்ளம் வேறு வடிவம். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சிறிய புள்ளி பொறித்திருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் நுனி இந்தப் பள்ளத்தின் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும். அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கி, பள்ளத்தின் சுவர்களைச் சீவிவிடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ண ஸ்க்ரூ, முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூ, ஸ்ப்ளெண்டரின் கிளட்ச் பக்கம் உள்ள ஆயில் ஃபில்டர் மூடியின் ஸ்க்ரூ ஆகிய மூன்று இடங்களில் தலை கெட்டுப்போன வண்டிகளை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் பார்த்திருக்கும். குற்றம் ஸ்க்ரூவுடையது அல்ல.

இதற்கு ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த வெசல் கம்பெனியின் ஸ்க்ரூ ட்ரைவர்தான் மெக்கானிக்குகள் உலகெங்கும் சொல்லும் பெயர். 2ஆம் எண் ஒன்று முதலில் வாங்குங்கள், பின்னால் 1ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும். இந்த ஜப்பானிய நுனி பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் பொருந்தும், ஆகவே இரண்டு செட் தேவையில்லை. அது கிடைக்காதபோது நல்ல பிலிப்ஸ் ட்ரைவரின் கூர் நுனியை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சாணையில் தட்டையாக்கிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. நுனி நீலமாக மாறும் அளவுக்குச் சூடேறாமல், அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். நீலமேறினால் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

இறுகிய ஸ்க்ரூவுக்குக் கை ட்ரைவரோடு போராட வேண்டாம். சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் ட்ரைவர் மலிவாகவே கிடைக்கும், உடம்பு எந்தப் பிராண்டாகவும் இருக்கலாம். அதோடு வரும் பிட்டுகள்தான் பெரும்பாலும் மென்மையானவை, அவற்றை மட்டும் மாற்றிவிடுங்கள். ட்ரைவரைக் கழற்றும் திசையில் வைத்து, பிட்டைப் பள்ளத்தில் உட்காரவைத்து, உடம்பைக் கழற்றும் பக்கம் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் நேராக ஒரே உறுதியான அடி. சின்னச் சின்னத் தட்டுகள் ஸ்க்ரூவை அசைக்காது, பள்ளத்தைத்தான் விரிக்கும். அலுமினிய கேஸ் உள்ள இடத்தில் அடிக்குமுன் பின்புறம் ஏதாவது முட்டுக்கொடுங்கள்.

சாக்கெட் செட் விஷயத்தில் இந்தியக் கடைகள் அரை அங்குல டிரைவைத்தான் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) முதலில் எடுத்துக் காட்டும். காருக்கு அது சரி. பைக்குக்கு 3/8 டிரைவ்தான் பொருத்தம். காரணம் கைப்பிடியின் நீளம். எம்6 போல்ட்டுக்குத் தேவை 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு). அரை அங்குல ராட்செட்டின் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் சாக்கெட் கைப்பிடி) நீளமான பிடியை லேசாக இழுத்தாலே அதைத் தாண்டிவிடும், இன்ஜின் கேஸில் அலுமினிய மரை உரிந்து கையோடு வரும். மரை போனால் 6.3 மில்லிமீட்டர் டிரில் போட்டு, ஹெலிகாயில் டேப்பால் மரை வெட்டி, சுருளை இறக்கிச் சரிசெய்யலாம். ஆனால் அது ஒரு மாலை முழுக்கப் பிடிக்கும் வேலை.

வாங்கும்போது ஆறு முனை சாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். 12 முனை சாக்கெட் மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் வழுக்குவதும் சுலபம். அமெரிக்காவின் ஸ்னாப் ஆன் 1960களில் கொண்டுவந்த ஒரு வடிவமைப்பு இங்கே பெரிய மாற்றம் செய்தது. சாக்கெட்டின் உள்மூலைகளைக் குழிவாக்கி, சுமை போல்ட்டின் முனையில் விழாமல் பக்கங்களில் விழும்படி செய்தார்கள். அந்தக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இப்போது நடுத்தர விலை சாக்கெட்டுகளிலும் அதே வடிவம் வருகிறது. வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருப்பது தெரியும். அமெரிக்க மெக்கானிக்குகள் ஸ்னாப் ஆன் மீது வைத்திருக்கும் பற்றுக்குத் தரம் மட்டும் காரணமில்லை. கம்பெனி வண்டி ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வரும், உடைந்ததை மாற்றித் தரும், தவணையும் தரும். அந்த வசதி இல்லாத ஊரில் அதே விலையைக் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். ஜப்பானின் கோக்கென், கேடிசி, டோனே சாக்கெட்டுகள் மெல்லிய சுவரும் சரியான பொருத்தமும் உடையவை. இடுக்கான இடத்தில் அந்த மெல்லிய சுவருக்கு ஈடு இல்லை. வீட்டு வேலைக்கு ஸ்டான்லி, தபாரியா தாராளமாகப் போதும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 46 பீஸ் கால் அங்குல செட், பக்க பேனல், பேட்டரி, ஏர் ஃபில்டர் வேலைக்கு மிக நல்லது. அதன் ராட்செட்டில் பைப் சொருகி வீல் நட்டைத் திருப்ப முயன்றால் உள்ளே பல் போய்விடும்.

ராட்செட்டில் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 24 பல் என்றால் ஒரு சொடுக்குக்கு 15 டிகிரி நகர்த்த இடம் வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும். பைக் பிரேமுக்கும் இன்ஜினுக்கும் இடையில் கை நுழையாத இடத்தில் இந்த வித்தியாசம் வேலையைத் தீர்மானிக்கும். ஆனால் இறுகிய போல்ட்டின் முதல் அசைவுக்கு ராட்செட்டைத் தொடாதீர்கள், அதற்குப் பவர் பார் (பற்கள் இல்லாத நீளமான சாக்கெட் கைப்பிடி) இருக்கிறது. வருடம் ஒருமுறை ராட்செட்டின் தலையைத் திறந்து துடைத்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். கெட்டி கிரீஸ் அடைத்தால் பற்களில் மாட்டிப் பிடிக்கும் பூனைப்பல் ஒட்டிக்கொண்டு வழுக்கும்.

இன்னொன்று, பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் (அதிர்வோடு போல்ட்டைச் சுழற்றும் இயந்திரம்) மாட்டக் கூடாது. கைவேலைக்கான குரோம் வனேடியம் சாக்கெட் அந்த அதிர்வில் வெடிக்கலாம், குரோம் பூச்சு கத்தி போன்ற சில்லாகத் தெறித்துக் கண்ணில் போகும். கன்னுக்குக் கறுப்பு நிற குரோம் மாலிப்டினம் சாக்கெட் தனியாக வாங்க வேண்டும். எந்தப் பிராண்டாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

பிளேயர்களில் தபாரியா 8 அங்குல கட்டிங் பிளேயரை எலக்ட்ரீஷியன் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் வைத்திருப்பார்கள், தேவையும் அவ்வளவுதான். வாங்கும்போது மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் பகுதியில் வெளிச்சம் கசிந்தால் மெல்லிய ஒயர் வெட்டுப்படாமல் மடங்கும். இந்த வகையில் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்று ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்து நிபெக்ஸ் கம்பெனியின் கோப்ரா பிளேயர். 250 மில்லிமீட்டர் அளவு கோப்ரா 46 மில்லிமீட்டர் நட் வரை பிடிக்கும். பட்டனை அழுத்தி வாயைப் பொருளின் மேலேயே சரிசெய்யலாம், திருப்பும் விசை கூடக்கூடப் பிடியும் இறுகும். பல்லின் தடம் விழும் என்பதால் குரோம் நட்டுகளுக்கு அது ஆகாது. அதற்கு அதே கம்பெனியின் வழவழப்பான இணைவாய் கொண்ட பிளேயர் ரெஞ்ச் இருக்கிறது. சர்க்லிப் (உதிரிகளை நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்) கழற்றும் பிளேயரும் மலிவில் ஏமாற்றும். நுனி வளைந்து சர்க்லிப் தெறித்தால் அது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. நுனி தனி ஸ்பிரிங் எஃகில் செருகப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள், கண்ணாடி அணியாமல் அதைத் தொடாதீர்கள்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மெக்கானிக்குகள் வெறுப்பது அதன் தளர்ந்த வாயால். ஸ்வீடனில் ஜோஹான் பெட்டர் ஜோஹான்சன் 1892இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றைக்கும் எல்லோரும் செய்வது, பாக்கோ அந்தப் பரம்பரையின் பெயர். வைத்துக்கொள்ளலாம், ஆனால் இழுக்கும் விசை அசையாத தாடையில் விழும் திசையில்தான் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் நகரும் தாடை விரிந்து நட்டின் முனையைத் தின்றுவிடும்.

ஆலன் கீ பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பைக்கில் வரும் அளவுகள் சில: எம்5 ஆலன் போல்ட்டுக்கு 4, எம்6க்கு 5, எம்8க்கு 6, எம்10க்கு 8. வட்டத் தலை பட்டன் போல்ட் என்றால் எம்6க்கே 4 கீதான், அதனால்தான் அது சீக்கிரம் கெடுகிறது. அன்பிராக்கோ கீகள் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பவை, நம்பகமானவை. ஜெர்மன் வேரா கம்பெனியின் ஹெக்ஸ் பிளஸ் கீகள் மூலையைத் தவிர்த்துப் பக்கத்தைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை, ஓரளவு மழுங்கிய போல்ட்டையும் கழற்றிவிடும். உருண்டை நுனிக் கீயைக் கழன்றுவிட்ட போல்ட்டைச் சுற்றி எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். முதல் அசைவுக்கு அதன் கழுத்து தாங்காது. கீ மாட்டும் முன் ஒரு ஊசியால் குழிக்குள் இருக்கும் மண்ணைக் கிளறி எடுங்கள். கீ முழு ஆழம் இறங்காததுதான் பாதி நாசத்துக்குக் காரணம். நுனி தேய்ந்த கீயின் முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாணையில் வெட்டிவிட்டால் புதுக் கீ கிடைத்ததுபோலத்தான்.

குழி முழுக்க உருண்டுவிட்டதா? எம்6 ஆலன் போல்ட்டில் டி30 டார்க்ஸ் பிட்டையும், 4 கீ குழியில் டி25ஐயும், 6 கீ குழியில் டி40ஐயும் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். பற்கள் சுவரில் வெட்டிப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பழைய பிட் போதும், திரும்ப எடுக்கும்போது சிலசமயம் உடையும்.

துருவேறிய போல்ட்டில் எந்தப் பிராண்டும் வரிசை தவறினால் கைவிட்டுவிடும். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்க்க வேண்டும். துருக் கழற்றும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். டபிள்யூ.டி. 40 கையில் இருந்தால் விடலாம், ஆனால் துரு கழற்றுவதற்கென்றே வரும் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். காலையில் தலையில் சுத்தியலால் சில அடி, ஆறு முனை சாக்கெட், பவர் பார். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் தள்ளி, பிறகு கழற்றும் திசை. அசைந்ததும் ஒரே மூச்சில் சுற்றாமல் கால் சுற்று கழற்றி, பாதி திருப்பி உள்ளே விட்டு, மறுபடி எண்ணெய். முறுக்கும்போது தலை மெதுவாக ரப்பர் போலத் திரும்பத் தொடங்கினால் நிறுத்துங்கள், போல்ட் அறுபடப் போகிறது. அப்போது சூடுதான் வழி. பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஆயில் சீல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

குறித்த விசைக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சில் மட்டும் மலிவுக்கு ஆசைப்படாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 6789 தரத்துக்குச் சான்றிதழோடு வருவது என்றால் கிளிக் வகையில் பொதுவாக 4 சதவீதத்துக்குள் பிழை இருக்கும். இங்கிலாந்தின் நார்பார், ஜெர்மனியின் ஸ்டாஹ்ல்வில்லே இதில் பெயர் பெற்றவை. நடுத்தர விலையிலும் சான்றிதழ் தருபவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ரெஞ்ச்சின் உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே அதை நம்பக் கூடாது. ஆகவே 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச்சை வைத்து 12இல் ஸ்பார்க் பிளக் இறுக்க முடியாது. பைக்குக்கு 5 முதல் 25 அல்லது 10 முதல் 50 வரை ஒன்று, கார் சக்கரத்துக்கு 40 முதல் 200 வரை ஒன்று. பைக்கின் ஆயில் டிரெயின் போல்ட் பெரும்பாலும் 24 முதல் 30, கார் வீல் நட் 85 முதல் 110க்குள் வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. பழைய கையேடுகளில் கிலோகிராம் விசை மீட்டர் (kgf·m) என்று இருந்தால், நியூட்டன் மீட்டருக்கு மாற்ற 9.81ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கிளிக் சத்தம் ஒருமுறை கேட்டதும் நிறுத்த வேண்டும், இன்னொரு கிளிக் ‘உறுதிக்கு’ என்று இழுப்பவர்கள் அளவைத் தாண்டுகிறார்கள். கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் குறிக்கு இறக்கி வையுங்கள், அதற்குக் கீழே தளர்த்த வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்தியபின் அளவைச் சரிபார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற காலிபரேஷன் லேப்கள் பெரிய தொழில் நகரங்களில் இருக்கின்றன.

போலிச் சரக்கு பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. அதிகம் விற்கும் பெயர்களைத்தான் போலி செய்வார்கள். எழுத்துகள் மங்கலாக, ஆழம் ஒரே மாதிரி இல்லாமல் இருந்தால், ஃபோர்ஜிங் கோடு கரடுமுரடாக விடப்பட்டிருந்தால், விலை பக்கத்துக் கடையைவிடப் பாதி என்றால் வாங்காதீர்கள். ஸ்பேனர் வாயின் ஓரத்தில் ஒரு சிறு அரத்தை வைத்து இழுத்தால் நல்ல எஃகில் அரம் சிரமப்பட்டுத்தான் கடிக்கும், மென்மையான எஃகில் சுலபமாகப் பற்றித் தேய்க்கும். பில் தருகிற டீலரிடம் மட்டும் வாங்குங்கள். வாரன்டி என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

பழைய சரக்கு வேறு கதை. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி உதிரிகளுக்கு நடுவே கெடோர், ஜலானி பெயர் பொறித்த ஸ்பேனர்கள் சிலசமயம் கிடைக்கும். மேலே துரு இருந்தால் பயப்பட வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் எண்ணெயும் போதும். வாயின் இரு உதடுகளும் இணையாக இருக்கின்றனவா, வளைத்து நிமிர்த்திய தடம் உண்டா, வெல்டு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பையில் இருக்கும் புது போல்ட்டை எடுத்து மாட்டிப் பாருங்கள். ரிங் ஸ்பேனர் என்றால் உள்பற்களை விரலால் தடவினால் தேய்மானம் தெரிந்துவிடும். ராட்செட், டார்க் ரெஞ்ச் இரண்டையும் பழையதாக வாங்க வேண்டாம். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று கடை வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது.